நிலத்தின் மதிப்பும் சர்வகலாசாலைக் கல்வியும்

நிலத்தை வாங்குவதும் விற்பதும், வீடு கட்டி விலைக்கோ வாடகைக்கோ விடுவதும், அவற்றின்பேரில் கடன் கொடுப்பதும் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியங்களே யாயினும், இவற்றுக்கென ஒரு சாஸ்திரம் உண்டென்றும், அதனைச் சர்வகலாசாலையில் மூன்று நான்கு ஆண்டுகள் முறையாகப் பயிலலாம் என்றும் சொன்னால் இன்றும் பல பெற்றோர் வியப்படைவார்கள். மனைத்தொழிலுக்கு வேண்டியவை ஊர்ப்பழக்கம், பேச்சுச் சாதுரியம், கையில் கொஞ்சம் முதல் ஆகிய மூன்றே என்பது பொதுஜன அபிப்பிராயம். ஆயினும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும், நம் அண்டை நாடான இலங்கையிலுங்கூட, சொத்துப் பொருளாதாரம், நிலப் பொருளாதாரம், மனை நிர்வாகம் என்னும் பல பெயர்களால் இத்துறை பட்டப்படிப்பாக நிலைபெற்றிருக்கிறது. இக்கல்வி எவ்வாறு தோன்றியது, எதைக் கற்பிக்கிறது, தொழிலில் இறங்குவோருக்கு எந்த அளவில் பயன்படும், நம் சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பவற்றை ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். நிலத்துக்கு விலை சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். அவ்விலைக்குக் காரணம் சொல்லி, அக்காரணத்தைப் பிறர் பரிசோதிக்கும்படி எழுத்தில் வைக்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். அந்தக் குறையை நிறைவு செய்வதில்தான் இக்கல்வியின் நியாயம் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

துறை தோன்றிய வரலாறு

நிலத்தின் விலையைப் பற்றிய சிந்தனை பொருளாதார சாஸ்திரத்தோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். 1815-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அயல்நாட்டுத் தானியத்தைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிய காலத்தில், நிலக்குத்தகை ஏறியதனால் தானியம் விலையேறியதா, தானியம் விலையேறியதனால் குத்தகை ஏறியதா என்ற விவாதம் அந்நாட்டு அறிஞரிடையே மூண்டது. டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட தம் நூலில், தானியத்தின் விலை உயர்வதனால் குத்தகை உயர்கிறதே யன்றி, குத்தகை உயர்வதனால் தானியம் விலையேறுவதில்லை என்று நிறுவினார். ஏட்டளவில் நின்றுவிடுவதுபோல் தோன்றும் இந்த முடிவு, இன்றைய மனைத்தொழிலின் அஸ்திவாரமாகவே இருப்பதைப் பின்னர் ஒரு கணக்கின் வாயிலாகக் காண்போம்.

ரிக்கார்டோ நிலத்தின் வளத்தை முதன்மையாகக் கொண்டார். ஜெர்மானியரான வான் தூனென் அதன் இருப்பிடத்தை ஆராய்ந்தார். மெக்லன்பர்க் பிரதேசத்தில் டெல்லோ என்னும் தம் பண்ணையின் வரவுசெலவுகளை நுணுக்கமாக எழுதிவந்த அவர், எங்கும் ஒரே வளமுள்ள சமவெளியின் நடுவே ஒரு நகரம் இருப்பதாகக் கற்பித்துக்கொண்டு, நகரை அடுத்துக் காய்கறியும் பாலும், அதற்கப்பால் விறகுக்காடும், அதற்கும் அப்பால் தானியமும், கடைக்கோடியில் மேய்ச்சலும் வளையம் வளையமாக அமையும் என்று 1826-இல் எழுதினார். பண்டத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவு எவ்வளவு மிச்சமாகிறதோ அவ்வளவும் நிலத்தின் வாரமாக மாறுகிறது என்பது அதன் சாரம். 1964-இல் வில்லியம் அலோன்சோ இதே தர்க்கத்தை நகரத்துக்குப் பொருத்தி, வண்டிச்சத்தத்தின் இடத்தில் மனிதர் வேலைக்குச் சென்றுவரும் செலவை வைத்து, நகரின் மையத்தில் நிலவிலை ஏறியும் விளிம்பை நோக்கி இறங்கியும் செல்வதன் காரணத்தை விளக்கினார். மெட்ரோ ரயில் வரப்போகிறது என்ற செய்தி கேட்டவுடன் பூந்தமல்லியிலும் மாதவரத்திலும் மனைவிலை ஏறுவதற்கு, தூனெனின் பண்ணைக் கணக்கைவிடத் தெளிவான விளக்கம் வேறு இல்லை.

இச்சிந்தனைகள் நூலகத்திலிருந்து கடைவீதிக்கு இறங்கிவந்தது அமெரிக்காவில். நியூயார்க்கில் அடமானக் கடன் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹர்டு, நகர நிலங்களின் மதிப்பை ஆராயும் நூல் எதுவும் கிடைக்காமையால் தாமே ஆராய்ந்து 1903-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1920-இல் ரிச்சர்டு எலி விஸ்கான்சின் சர்வகலாசாலையில் நிலப் பொருளாதார ஆராய்ச்சிக்கென ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். 1933-இல் ஹோமர் ஹாய்ட் சிகாகோ நகரத்து நிலமதிப்பின் நூறாண்டுச் சரித்திரத்தை எழுதி, விலையேற்றமும் வீழ்ச்சியும் அலையலையாக மாறிமாறி வருவதை ஆவணங்களைக் கொண்டு காட்டினார். 1992-இல் டிபாஸ்குவாலி, வீட்டன் என்னும் இருவர், வாடகைச் சந்தை, முதலீட்டுச் சந்தை, புதுக் கட்டட நிர்மாணம், இருக்கும் கட்டடங்களின் மொத்தத் தொகுதி ஆகிய நான்கும் ஒன்றையொன்று எவ்வாறு இயக்குகின்றன என்பதை நான்கு கட்டங்கள் கொண்ட ஒரே வரைபடத்தில் அடக்கினர். இன்று உலகில் எந்த நாட்டில் இப்பாடத்தைப் பயின்றாலும் மாணவர் அவ்வரைபடத்தைச் சந்திப்பது பெரும்பாலும் நிச்சயம்.

கல்விச்சாலைகள்

இங்கிலாந்தில் இக்கல்வி வளர்ந்த வழி வேறு. அங்கே தொழில் முதலில் தோன்றியது. சாஸ்திரம் அதனைத் தேடி வந்தது. ரயில்பாதைகளுக்காக நிலம் கையகப்படுத்தப்பட்ட காலத்தில், அளவையாளர்களும் மதிப்பீட்டாளர்களும் 1868-இல் லண்டனில் ஒரு சங்கமாகக் கூடினர். 1881-இல் ராஜசாசனம் பெற்ற அச்சங்கமே இன்று உலகெங்கும் அறியப்படும் ராயல் சார்ட்டர்டு சர்வேயர்கள் ஸ்தாபனம். தொழிலில் சேருவோருக்குப் பாடம் சொல்வதற்கென்று 1919-இல் தோன்றிய எஸ்டேட் நிர்வாகக் கல்லூரி பிற்காலத்தில் ரெடிங் நகருக்குப் பெயர்ந்தது. ரெடிங் சர்வகலாசாலை இன்றும் இத்துறைக்குப் பெயர்பெற்றது. கேம்பிரிட்ஜில் நிலப் பொருளாதாரம் ஒரு தனிப் பட்டமாக நின்று, பொருளாதாரத்தோடு சட்டத்தையும் சுற்றுச்சூழலையும் இணைத்துக் கற்பிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்ப சர்வகலாசாலையும், சிட்னியின் தொழில்நுட்ப சர்வகலாசாலையும் சொத்துப் பொருளாதாரம் என்ற பெயரிலேயே பட்டம் அளித்துப் பிரசித்தி பெற்றவை. அந்நாட்டுக் கல்விக்கு ஒரு தனி வசதி உண்டு. 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அரசாங்கமே அதற்கு உத்தரவாதி. தாய்ப் பத்திரத்தைத் தேடி அலையவேண்டிய அவசியம் இல்லாத அந்நாட்டில், மாணவரின் கவனம் முழுவதும் மதிப்பின்மீதே செல்லக்கூடும். சிங்கப்பூர்த் தேசிய சர்வகலாசாலை தன் நாட்டின் நிலப்பஞ்சத்தையே பாடமாக்கிக்கொண்டு இத்துறையை வளர்த்தது. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுர சர்வகலாசாலை எஸ்டேட் நிர்வாகமும் மதிப்பீடும் என்ற பட்டத்தை நடத்தி, அரசாங்க விலைமதிப்புத் திணைக்களத்துக்கும் வங்கிகளுக்கும் ஆட்களைத் தயாரிக்கிறது.

இந்தியாவில் நிலைமை இவ்வளவு செழிப்பாக இல்லை. குஜராத்தில் வல்லப வித்யாநகரின் சர்தார் படேல் சர்வகலாசாலை மதிப்பீட்டுத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கி வழிகாட்டியது. நிர்வாகப் பட்டங்களின் கிளையாகவும் சில இடங்களில் இது கற்பிக்கப்படுகிறது. எனினும், பள்ளிப் படிப்பை முடித்த தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் தம் ஊருக்கருகே இளநிலைப் பட்டமாக இதனைப் பயில விரும்பினால், அவருக்குத் திறந்திருக்கும் வாயில்கள் மிகக் குறைவு.

பாடத்தின் உள்ளடக்கம்

நல்ல பாடத்திட்டம் எதுவாயினும் அது ஐந்து தூண்களின்மீது நிற்பதைக் காணலாம்: பொருளாதாரம், சொத்துச் சட்டம், மதிப்பீட்டு முறைகள், முதலீட்டுக் கணிதம், நகரமைப்பும் கட்டட நிர்மாணமும். இவற்றுள் மதிப்பீடே நடுநாயகமானது. பக்கத்து மனைகளின் கிரயத்தோடு ஒப்பிடுவது ஒரு முறை. வரும் வாடகையை மூலதனமாக்குவது இரண்டாவது முறை. கட்டடத்தை இன்று கட்டினால் ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பது மூன்றாவது. கட்டி விற்கக்கூடிய தொகையிலிருந்து செலவையும் லாபத்தையும் கழித்து, எஞ்சுவதை நிலத்துக்கு ஒதுக்குவது நான்காவது.

இரண்டாவது முறையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மாதம் 60,000 ரூபாய் வாடகை வரும் ஒரு கடைக்கு ஆண்டு வருமானம் 7,20,000 ரூபாய். முதலீட்டாளர் நூற்றுக்கு 6 வருமானத்தில் திருப்தி அடைவாராயின் அக்கடையின் மதிப்பு 1 கோடியே 20 லட்சம். நூற்றுக்கு 8 வேண்டுமென்பாராயின் 90 லட்சமே. வாடகையில் ஒரு ரூபாயும் குறையாதிருக்க, வட்டிவிகிதத்தின் மாற்றம் ஒன்றே 30 லட்சத்தை விழுங்கிவிடுகிறது. ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றும் செய்தி மனைத்தொழிலில் இருப்போருக்கு ஏன் முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

நான்காவது முறையைச் சற்று விரிவாகவே ஆராயவேண்டும். ஏனெனில், படித்தவர் பார்வைக்கும் படியாதவர் பார்வைக்கும் உள்ள பேதம் இங்கேதான் வெளிப்படுகிறது. சென்னையின் புறநகரில் 5 கிரவுண்டு, அதாவது 12,000 சதுர அடி நிலம் இருப்பதாகவும், தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால் 24,000 சதுர அடி கட்டி விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். சதுர அடி 8,000 ரூபாய்க்கு விற்றால் வரவு 19 கோடியே 20 லட்சம். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 3,000 வீதம் 7 கோடியே 20 லட்சம்; அனுமதிக் கட்டணம், கட்டடக்கலைஞர் ஊதியம், விளம்பரம், வட்டி முதலியவை 2 கோடியே 40 லட்சம்; தம் உழைப்புக்கும் துணிவுக்கும் வரவில் நூற்றுக்கு 20 லாபமாகப் புரமோட்டர் எதிர்பார்த்தால் 3 கோடியே 84 லட்சம். இவற்றைக் கழித்து எஞ்சும் 5 கோடியே 76 லட்சமே அவர் நிலத்துக்குக் கொடுக்கத்தக்க உச்சவிலை. கிரவுண்டு 1 கோடியே 15 லட்சத்துக்குச் சற்று மேல்.

இனி, வீடுகளின் விலை நூற்றுக்கு 10 குறைந்து சதுர அடி 7,200 ஆயிற்று என்போம். வரவு 17 கோடியே 28 லட்சமாகும். கட்டுமானச் செலவும் இதரச் செலவுகளும் மாறா. லாபத்தையும் கழித்தபின் நிலத்துக்கு எஞ்சுவது 4 கோடியே 22 லட்சத்து 40 ஆயிரமே. வீட்டின் விலை பத்தில் ஒரு பங்கு இறங்க, நிலத்தின் மதிப்பு நாலில் ஒரு பங்குக்கு மேலாக இறங்கிவிட்டது. நிலத்தின் விலையால் வீட்டின் விலை அமையவில்லை. வீட்டுக்கு மக்கள் கொடுக்கத் தயாராயிருக்கும் விலையால் நிலத்தின் விலை அமைகிறது. தானியத்தைப் பற்றி ரிக்கார்டோ சொன்னதும் இதுவே. செழிப்பான காலத்தில் உச்சவிலைக்கு நிலத்தை வாங்கிப்போட்டு, சந்தை சற்றே தளர்ந்தவுடன் கடனில் மூழ்கிய புரமோட்டர்கள் பலருடைய சரித்திரமும் இந்தக் கணக்குக்குள் அடங்கிக் கிடக்கிறது. அத்தகையோரிடம் முன்பணம் கட்டி, வாடகையும் மாதத்தவணையும் சேர்த்துச் செலுத்திக்கொண்டு, முடியாத கட்டடத்தைப் பார்த்து நிற்கும் குடும்பங்களின் துயரமும் அதில் அடக்கம்.

நம் நாட்டின் நிலைமை

இத்தகைய அறிவுக்கு இந்தியாவில் இன்று தேவை பெருகியிருப்பதற்குச் சட்டங்களே முதற்காரணம். ரெரா என்று வழங்கும் 2016-ஆம் ஆண்டு மனைத்துறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டப்படும் திட்டங்களைப் பதிவு செய்யவேண்டும் என்றும், வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக்கணக்கில் வைத்து அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிடவேண்டும் என்றும் விதித்தது. தரகர்களும் பதிவு பெறவேண்டியவராயினர். 2014-இல் செபி வகுத்த விதிகளின்படி ரீட் என்னும் மனை முதலீட்டு அறக்கட்டளைகள் தோன்றி, 2019-இல் முதலாவது அறக்கட்டளை பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையைப் பங்குதாரருக்குப் பகிர்ந்தளிக்கும் இவை, தம் சொத்துகளின் மதிப்பைக் காலந்தோறும் கணித்து வெளியிடக் கடமைப்பட்டவை. எனவே, மதிப்பீடு இருவருக்கிடையே ரகசியமாகப் பேசப்படும் விஷயமாக இருந்த நிலைமாறி, பொதுமக்கள் படித்து வினவக்கூடிய ஆவணமாகி வருகிறது.

ஆனால், மதிப்பீட்டாளராவதற்கு நம் நாட்டில் எந்த வாயில் வழியாக நுழையவேண்டும் என்று பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் 2017-இல் வகுக்கப்பட்ட விதிகளில், நிலமும் கட்டடமும் மதிப்பிடுவோருக்குச் சிவில் என்ஜினீயரிங், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றில் பெற்ற பட்டமே அடிப்படைத் தகுதியாகச் சொல்லப்பட்டது. செங்கல்லும் சிமெண்டும் இரும்பும் எவ்வளவு ஆயின என்று அளப்பதில் என்ஜினீயர் வல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், நகரத்துச் சொத்தின் மதிப்பில் பெரும்பகுதி கட்டடத்தில் இல்லாமல் அதன் கீழுள்ள மண்ணிலும், அம்மண் இருக்கும் இடத்திலும் இருக்க, அதனை ஆராயும் பொருளாதாரத்தை அடிப்படைத் தகுதிகளின் வரிசையில் சேர்க்காமல் விட்டது பெருங்குறையே யாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒப்பீட்டு முறையில் மதிப்பிட வேண்டுமாயின் பக்கத்து மனைகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்பது தெரியவேண்டும். நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவாகும் கிரயப் பத்திரங்களோ, கைமாறிய முழுத் தொகையைக் காட்டாமல், முத்திரைத் தீர்வையை மிச்சம்பிடிக்கும் பொருட்டு வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படுவது நாடறிந்த வழக்கம். அவ்வழிகாட்டி மதிப்பாவது சந்தையைப் பிரதிபலிக்கிறதா என்றால், அதுவும் அரசாங்க வருமானத்தின் தேவையை ஒட்டி ஏறியிறங்குவது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு அதனை நூற்றுக்கு 33 குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. 2023 ஜூலையில் மதிப்பை மீண்டும் ஏற்றிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது. அந்த ஆணைகளால் எந்த ஊர் மண்ணும் ஓரிரவில் தன் பயனை இழந்துவிடவுமில்லை, பெற்றுவிடவுமில்லை.

பத்திரத்தில் தொகையைக் குறைத்தெழுதுவது அரசாங்கத்துக்கு மட்டும் நஷ்டம் என்று எண்ணுவது தவறு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி, இழப்பீட்டைக் கணிக்கும்போது முந்தைய மூன்று ஆண்டுகளில் அப்பகுதியில் பதிவான கிரயங்களே முக்கிய ஆதாரம். அவ்வாறு கண்ட சந்தைமதிப்பின்மீதுதான் கிராமப்புறப் பெருக்கமும், நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகையும் கணிக்கப்படுகின்றன. நாற்கரச் சாலைக்காகவோ விமான நிலையத்துக்காகவோ நன்செய் நிலத்தைப் பறிகொடுக்கும் விவசாயி, ஊரார் பல ஆண்டுகளாகக் குறைத்தெழுதிய பத்திரங்களின் பலனைத் தம் தலையில் சுமக்கிறார். உண்மையான தகவல் என்பது ஆராய்ச்சியாளரின் வசதிக்காக மட்டும் வேண்டப்படுவதன்று; அது ஏழைக் குடியானவருக்கு நியாயம் கிடைப்பதற்கான பிரமாணம்.

ஆட்சேபங்கள்

இக்கல்விக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் மூன்று கவனிக்கத்தக்கவை. அனுபவமே ஆசான், சர்வே எண்ணைச் சொன்னவுடன் நிலத்தின் வழிப்பாதையையும் வில்லங்கத்தையும் வாய்க்கால் புறம்போக்கையும் ஒப்பிக்கும் தரகருக்குப் பட்டதாரி ஈடாவாரா என்பது முதலாவது. அந்தத் தரகரின் அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அது ஓர் ஊரோடு நின்றுவிடுவது, அவரோடு மறைந்துவிடுவது, விலை இறங்கும் காலத்தைக் காணாதவரைத் தன் குறையை அறியாதது. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கும் பயிற்சியை அத்தகையோரிடமிருந்தே மாணவர் பெறவேண்டும். அதனைக் காரண காரிய முறையில் அமைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கல்லூரி தரவேண்டும்.

மேல்நாட்டுப் பாடநூல்கள் நமக்குப் பொருந்தா என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை. அந்நூல்கள் உரிமை நிச்சயமானது என்றும், தகவல் கிடைக்கக்கூடியது என்றும் கொண்டு தொடங்குகின்றன. நம் நாட்டில் பத்திரப்பதிவு பரிவர்த்தனையைத்தான் பதிவு செய்கிறது; உரிமைக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. ஆகையால், உரிமையின் ஐயமே மதிப்பைக் குறைக்கும் ஒரு காரணமாக நம் பாடத்தில் இடம்பெறவேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்து, பவர் பத்திரத்தின் பேரில் நடக்கும் விற்பனை, கோவில் நிலம், அடுக்குமாடி வீட்டுக்குரிய பிரிவுபடாத பாகம் என்பவை ஆஸ்திரேலியப் பாடநூலில் கிடைக்கமாட்டா. வெளிநாடு சென்று பயில்வோர் சாஸ்திரத்தை அங்கேயும் சட்டத்தை இங்கேயும் கற்க நேரும் என்பதை முன்னரே அறிந்து செல்வது நலம்.

மூன்றாவது ஆட்சேபமே மிக ஆழமானது. விலையை மட்டும் ஆராயும் கல்வி, விலைக்குள் புகுந்திருக்கும் அநீதியையும் இயற்கையின் நியதி போல ஏற்றுக்கொள்ளாதா? இந்த அச்சத்துக்குச் சரித்திரத்தில் ஆதாரம் உண்டு. ஹாய்ட் தம் 1933-ஆம் ஆண்டு நூலில், எந்த இனத்தார் குடியிருந்தால் நிலமதிப்பு ஏறும், எவர் வந்தால் இறங்கும் என்று வரிசைப்படுத்தியிருந்தார். பின்னர் அவர் பணியாற்றிய அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் மறுத்தது. ஒரு தலைமுறையின் துவேஷம் மதிப்பீட்டு விதியாக எழுதப்பட்டு, அடுத்த தலைமுறைகளின் வறுமைக்குக் காரணமாயிற்று. ஜாதியையும் மதத்தையும் கேட்டு வீடு வாடகைக்கு விடுவதும், காலனியை ஒட்டிய மனை என்று விலை குறைப்பதும் வழக்கத்திலுள்ள நம் ஊர்களில், இந்த அத்தியாயத்தை மாணவருக்குக் கற்பிக்காத பாடத்திட்டம் முழுமையுடையதாகாது. விலை என்ன என்று சொல்வதோடு, அவ்விலை எதனால் ஆயிற்று என்று கேட்கப் பழகிய மனமே இத்தகைய அநீதியை இனம்கண்டு எதிர்க்க வல்லது.

மாணவரும் சர்வகலாசாலையும் செய்யத்தக்கவை

இத்துறையில் பட்டம் பெறுவோருக்கு விற்பனை ஒன்றே தொழில் என்று நினைக்கவேண்டியதில்லை. வங்கிகளின் கடன்பிரிவு, மதிப்பீட்டு நிறுவனங்கள், கட்டுமான நிறுவனங்களின் நிலக்கொள்முதல் பகுதி, அலுவலகக் கட்டடங்களின் நிர்வாகம், முதலீட்டு ஆராய்ச்சி, வீட்டுவசதி வாரியம், நகர வளர்ச்சிக் குழுமம், இழப்பீட்டு வழக்குகளில் நீதிமன்றத்துக்கு உதவும் பணி என வாய்ப்புகள் பல. கல்லூரியைத் தெரிந்தெடுக்கும்போது கட்டடத்தின் அழகையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பாராமல், பாடத்திட்டத்தில் சொத்துச் சட்டம் எவ்வளவு இருக்கிறது, களப்பயிற்சி உண்டா, அப்பட்டத்தைத் தொழிற்சங்கங்களும் இந்திய விதிகளும் அங்கீகரிக்கின்றனவா என்ற மூன்றையும் விசாரித்து அறிதல் அவசியம். வெளிநாட்டுப் பட்டத்துக்கு வீட்டை அடமானம் வைக்கத் துணியும் குடும்பங்கள் மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே பணம் கட்டவேண்டும். உள்ளூரிலேயே இருக்க விரும்புவோர் பொருளாதாரத்திலோ சிவில் என்ஜினீயரிங்கிலோ பட்டம் பெற்று, அதன்மேல் மதிப்பீட்டையும் சட்டத்தையும் பயில்வது இன்றைய நிலையில் பாதுகாப்பான வழி.

நம் சர்வகலாசாலைகளுக்கும் ஒரு கடமை உண்டு. பொருளாதாரம், சட்டம், நகரமைப்பு ஆகிய மூன்று துறைகளும் நம்மிடம் தனித்தனியே இயங்குகின்றன. அவற்றை இணைத்து ஓர் இளநிலைப் பட்டம் அமைப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வருவாய்க் கிராமத்தை எடுத்துக்கொண்டு, அங்கே நடந்த கிரயங்களையும் வாடகைகளையும் நேரில் விசாரித்து, தமிழில் அறிக்கை எழுதுவது பட்டத்துக்கு நிபந்தனையாக இருக்கட்டும். பத்தாண்டுகள் இவ்வாறு நடந்தால், பத்திரங்கள் மறைக்கும் உண்மை விலைகளின் சரித்திரம் மாவட்டந்தோறும் சேர்ந்துவிடும். வங்கி மானேஜரும் நீதிபதியும் புரமோட்டரும் விவசாயியும் ஒரே ஆதாரத்தைப் பார்த்துப் பேச இயலும். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே ஒரு மனையில் முதலீடு செய்யும் மக்கள் நிறைந்த நாட்டில், அம்மனையின் மதிப்பைக் காரணத்தோடு எடுத்துச்சொல்லும் ஒரு வர்க்கத்தை உருவாக்குவது சர்வகலாசாலைகள் செய்யத்தக்க பொதுநலப் பணிகளுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது.